கேளாமற் சொன்ன தீர்ப்பு

வழக்காளிகள் இருவர் முன்வந்து நின்றால், முதலாமவரின் கூற்றை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைத்தல் ஆகாது. மற்றவரின் கூற்றையும் செவிமடுத்த பின்னரே வாய் திறத்தல் வேண்டும். ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டிற்கு நீதி வழங்க அனுப்பியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தருளிய பாடம் இது. அரபுக் கல்லூரியில் ஓதிய நாளில் இப்பாடத்தை நான் மனனம் செய்தேன். தேர்விலும் பிழையின்றி எழுதினேன். எழுதி முடித்து நோன்பு விடுமுறைக்கு ஊர் வந்த ஒரு கிழமைக்குள், என் காதால் கேளாத ஒன்றின்மீது தீர்ப்பும் சொன்னேன்.

அந்தத் தீர்ப்புக்கு ஆளானது ஒரு கேசட்டு. அதனால் மனம் நொந்தவர் என் தாயுடன் பிறந்த மாமு. ஆண்டுகள் முப்பத்தைந்து உருண்டோடிவிட்டன. மாமுவும் இன்று மண்ணறைக்குச் சென்றுவிட்டார்கள். இனியும் இதை நெஞ்சுக்குள் மூடி வைத்திருப்பதில் பொருளில்லை என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

அது 1990-ஆம் ஆண்டு. கம்பம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில், தேநீர்க் கடைக்கும் வாழைக்காய் மண்டிக்கும் நடுவே, ஆள் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நுழையும் அளவில் மாமுவின் கேசட்டுக் கடை இருந்தது. தேனி மாவட்டம் பிறப்பதற்கு ஆறாண்டு முற்பட்ட காலம். அன்று நாங்கள் மதுரை மாவட்டத்துக்காரர்கள். குமுளி மலையேறும் ஏலத்தோட்டத் தொழிலாளர், ஜீப்பு ஓட்டுநர், திராட்சைத் தோட்டத்துக்காரர் ஆகியோரே மாமுவின் வாடிக்கையாளர்கள். வெற்றுக் கேசட்டை வாங்கி, விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, பதிந்து வாங்கிச் செல்வார்கள். அந்தத் தாளில் முக்கால் பங்கு இளையராஜாவின் பாடல்களாகவே இருக்கும். ஏன் இராது? அவர் எங்கள் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துப் பிள்ளையாயிற்றே! அவருடைய தமையனார் பாவலர் வரதராசன், பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி இந்த மலையடிவாரத்து மக்களைக் கூட்டிவைத்தவர். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்து தம்பியின் பெயர் நாடெங்கும் பரவுமுன்னரே மறைந்துவிட்டவர். பாவலரை நேரில் கேட்டிருந்த முதியவர் யாரேனும் கடைக்கு வந்து, "அவரு பாடுன கேசட்டு இருக்கா பாய்?" என்று கேட்பதுண்டு. மாமு இல்லையென்று தலையசைப்பார்கள். அப்படிக் கேட்டுச் சென்றவரின் முதுகையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஜுமுஆ நேரம் நெருங்கினாலும், நோன்பு மாதம் பிறந்தாலும் கடையின் ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு நின்றுவிடும். நாகூர் இ.எம்.ஹனீபா அவர்களின் கம்பீரக் குரல் தெருவை நிறைக்கும். காயல் ஷேக் முகம்மது அவர்களின் குரல் அடுத்து வரும். நோன்பு திறக்கும் நேரத்திற்கு முன், கஞ்சிப் பாத்திரத்தோடு பள்ளிவாசலுக்கு விரையும் சிறுவர்கள் அந்தப் பாட்டுக்கு நடை போட்டுக்கொண்டு போவார்கள்.

மாமுவும் பாடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இசை எவரிடமும் பயின்றவரல்லர். ஆனால் மீலாது ஊர்வலத்தில் அவர்கள் குரல் எடுத்தால், தாயிரா தட்டிவரும் பக்கீர்சாமாரே தங்கள் தாளத்தைத் தணித்துக்கொள்வார்கள். திருமண வீடுகளில் இரவு பாத்திஹா முடிந்தபின் அவர்கள் முனாஜாத்துப் பாட, பெண்கள் திரைக்குப் பின்னால் அமர்ந்து கண் கசிவதை நான் அவர்கள் மடியில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். தமிழின் ஓசை என் செவியில் முதன்முதல் விழுந்தது பள்ளிக்கூடத்திலன்று, மாமுவின் தொண்டையிலிருந்துதான்.

அந்த நோன்பில், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் கடைப்பக்கம் சென்றேன். மதுரையிலிருந்து கேசட்டுக் கொண்டுவரும் விற்பனையாளர் அன்று காலையில்தான் வந்து போயிருந்தார். மாமு கண்ணாடித்தாள் பிரிக்காத ஒரு கேசட்டை எடுத்து என் கையில் வைத்தார்கள். 'தீன் இசை மாலை' என்பது அதன் பெயர்.

"மாப்ளே, புதுசா வந்திருக்கு. எல்லாம் நம்ம தீன் பாட்டுத்தானாம். மெட்ராசுல திலீப்னு ஒரு சின்னப் பையன் மியூசிக் போட்டிருக்கானாம். நம்ம இளையராஜா குழுவுல கீபோர்டு வாசிச்சவனாம். நீ ஓதுற பிள்ளை. கேட்டுச் சொல்லு. நல்லாயிருந்தா நோன்பு மாசத்துல போடலாம். பெருநாளைக்கு நாலு பேரு வாங்குவாக."

கடை வாயிலில் மூவர் நின்றிருந்தனர். ஓதுகிற பிள்ளை என்ன சொல்லப் போகிறான் என்று அவர்களும் என்னைப் பார்த்தனர். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

"தீன் பாட்டுக்குத் திலீப்பா, மாமு? இசைக்கருவி வச்சுப் பாடுறது கூடாதுன்னு கிதாபுல தெளிவா இருக்கு. நோன்பு மாசத்துல இதையெல்லாம் கடையில வைக்காதீங்க" என்றேன். கேசட்டைத் திருப்பி மேசைமீது வைத்தேன். வைத்த ஓசை சற்றுப் பலமாகவே கேட்டது.

மூவரில் ஒருவர் சிரித்தார். மாமு சிரிக்கவில்லை, மறுத்தும் பேசவில்லை. "சரிப்பா, நீ சொன்னாச் சரி" என்று கேசட்டை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. ஊர் கூடிய வழக்குமில்லை. ஒருவரும் தண்டம் கட்டவில்லை. ஆனால் அன்றைய தீர்ப்பை இன்று நான் மறுவிசாரணைக்கு எடுக்கும்போது, அதில் ஒன்றன்பின் ஒன்றாகக் குற்றங்கள் தென்படுகின்றன.

முதற்குற்றம், நான் அதைக் கேட்கவில்லை. இரண்டாவது, இசைக்கருவி கூடாது என்பதுதான் என் வாதமென்றால், என் தலைக்கு மேலிருந்த அலமாரியில் வரிசையாக நின்ற ஹனீபா அவர்களின் கேசட்டுகளிலும் இசைக்கருவிகள் ஒலிக்கத்தான் செய்தன. அவற்றைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆகவே என்னை உண்மையில் தடுத்தது கருவியன்று, பெயர். 'திலீப்' என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் உள்ளம் கதவை அடைத்துக்கொண்டது. அடைத்த கதவுக்குக் கிதாபிலிருந்து ஒரு தாழ்ப்பாளை எடுத்துப் போட்டேன்.

அந்தப் பெயருக்குரியவர் யார் என்பது அன்று எனக்குத் தெரியாது. இன்று எல்லாருக்கும் தெரியும். 1967-இல் சென்னையில் பிறந்த அவருடைய தந்தையார் ஆர்.கே.சேகர், மலையாளத் திரையுலகில் இசையமைத்தும் பிறருடைய பாடல்களுக்கு வாத்திய இசை ஒழுங்கு செய்தும் வாழ்ந்தவர், 1976-இல் மறைந்தார். ஒன்பது வயதுச் சிறுவனும் தாயும் சகோதரிகளும், தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தனர். பையன் பதின்ம வயதிலேயே எம்.எஸ்.விசுவநாதன், இளையராஜா போன்றோரின் குழுக்களில் வாசிக்கப் போனான். எங்கள் பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட இசை, சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பிள்ளையின் விரல்களுக்கும் சோறு போட்டது என்றெண்ணும்போது, பள்ளத்தாக்குக்காரனாகிய எனக்குச் சற்று பெருமிதம் உண்டாகிறது. பிற்பாடு அக்குடும்பம் கரீமுல்லாஹ் ஷா காதிரி என்னும் ஸூபிப் பெரியவரின் தொடர்பால் ஆறுதல் கண்டு, இஸ்லாத்தில் இணைந்தது. திலீப் குமார், அல்லா ரக்கா ரஹ்மான் ஆனார்.

1989-இல் வந்த 'தீன் இசை மாலை' அவருடைய முதல் இசைத் தொகுப்பு. 'ரோஜா' திரைப்படம் வந்தது 1992 ஆகஸ்டு 15-ஆம் நாள். உலகம் அவரை அறியத் தொடங்கிய நாளுக்கு மூன்றாண்டு முன்பே, அவர் முதன்முதலாகத் தம் பொறுப்பில் உருவாக்கிய தொகுப்பு தமிழ் முஸ்லிம்களுக்கான தீன் பாடல்களாக அமைந்தது. அதை எந்த ஊரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கம்பத்தில் அது ஏன் கடைமுகப்புக்கு வரவில்லை என்பதற்கு மட்டும் நான் சாட்சி சொல்ல முடியும்.

அதே காலப்பகுதியில் இன்னொன்றும் நடந்தது. மேற்கத்திய ராக் இசையிலும் ஈடுபாடு கொண்டு, சிவமணி முதலிய நண்பர்களோடு 'ரூட்ஸ்' என்ற குழுவில் வாசித்தவர் அவர். 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவையும் தொடங்கியவர். மால்குடி சுபா என்னும் பாடகியின் முதல் தொகுப்பாகிய 'செட் மீ ஃப்ரீ' என்ற ஆங்கிலப் பாடல் தொகுப்புக்கும் 'ரோஜா'வுக்கு முன்பே அவர் இசையமைத்தார். அதுவும் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. ஒரு பக்கம் பள்ளிவாசல் தெருவின் தீன் பாட்டு; மறுபக்கம் மாநகர இளைஞரின் ஆங்கிலப் பாட்டு. இரண்டு வாசல்களிலும் போய் நின்ற ஒருவரை, இரண்டு வீட்டாரும் உள்ளே அழைக்கவில்லை. தீன் பாட்டு வாசலில் காவல் நின்று திருப்பியனுப்பியவர்களுள் நானும் ஒருவன்.

அந்தக் கேசட்டின் பெயரையாவது நான் ஊன்றிப் படித்திருக்கலாம். 'மாலை' என்ற சொல் தமிழ் முஸ்லிமுக்குப் புதியதா? ஆலிப் புலவர் 1590-இல் 'மிகுராசு மாலை' பாடினார். அதற்கும் முன்னர், 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் 'ஆயிர மசலா'வை மதுரையில் அரங்கேற்றினார். கிஸ்ஸாவும் நாமாவும் முனாஜாத்தும் என, அரபியும் பாரஸீகமும் தந்த பெயர்களைத் தமிழ் யாப்பில் பொதிந்து பாடியவர்கள் நம் முன்னோர். பிற்காலத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இறைக்காதலைப் பாடியபோது, சித்தர் பாடல்களில் தோய்ந்த தமிழர் அவரைத் தம்மவராகவே கொண்டாடினர். இந்தப் பாட்டு மரபின் பெயரைத் தேடியெடுத்துத் தன் கேசட்டுக்குச் சூட்டியிருந்தது அந்தத் தொகுப்பு. சென்னையின் மின்னிசைக் கூடத்திலிருந்து ஒருவர் நம் பழைய வாசற்படியில் மாலையோடு வந்து நிற்கிறார் என்பதை மௌலவி பட்டத்துக்கு ஓதிக்கொண்டிருந்த நான் உணரவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த மாமு உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் 'கேட்டுச் சொல்லு' என்றார்கள்.

இசைக்கருவிகள் பற்றிய மார்க்கத் தீர்ப்பில் நான் இப்போது பல்டி அடித்துவிட்டதாக வாசகர்கள் கருத வேண்டாம். தப்பு என்னும் பறையைத் தவிர்த்த பெரும்பாலான கருவிகளை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் விலக்கியிருப்பதை நான் அறிவேன். மாணவர்களுக்கும் அவ்வாறே கற்பிக்கிறேன். ஆயினும் கற்கக் கற்க, அந்த விஷயம் நான் பத்தொன்பது வயதில் நினைத்ததுபோல் ஒற்றை வரியில் அடங்குவதன்று என்பதையும் கண்டேன். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இசை கேட்டலின் ஒழுங்குகளுக்கென ஒரு தனிப்பகுதியே வகுத்திருக்கிறார்கள். நரம்புக் கருவிகளும் குழல்களும் குடிகாரர்களின் அடையாளமாக இருந்தமையால் விலக்கப்பட்டன எனக் காரணம் கூறும் அவர்கள், அழகிய ஓசை என்பதற்காகவே ஓர் ஓசை ஹராமாகிவிடாது என்றும், கேட்பவர் நெஞ்சில் ஏற்கெனவே இருப்பதையே பாட்டுக் கிளர்த்துகிறது என்றும் விளக்குகிறார்கள். இமாம் அவர்கள் ஹிஜ்ரீ 505-இல் மறைந்தார்கள். கீபோர்டை நரம்பில் சேர்ப்பதா, குழலில் சேர்ப்பதா என்று கேட்க அவர்கள் இன்று இல்லை.

பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததையும், ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் அதட்டியபோது, பெருநாளாயிற்றே, விட்டுவிடுங்கள் என்ற பொருளில் பெருமானார் (ஸல்) அவர்கள் அமர்த்தியதையும் புகாரீயில் ஓதியிருக்கிறோம். இந்த ஹதீஸை எந்தக் கருவிக்கு ஆதாரமாகக் கொள்வது என்று அறிஞர்கள் வாதிடட்டும். எனக்கு அதில் இப்போது புலப்படுவது வேறு. பெருமானார் (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார்கள். ஆனால் அச்சிறுமியரின் பாட்டு அவர்கள் செவியில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கேட்ட பின்னர் சொன்ன சொல் அது. 'ஸுமர்' அத்தியாயத்தில் இறைவன் நற்செய்தி கூறுவதும், சொல்லைச் செவிமடுத்து அதில் அழகியதைப் பின்பற்றும் அடியார்களுக்கே. அங்கும் செவிமடுத்தல் முன்னே நிற்கிறது. தேர்தல் பின்னே வருகிறது. நான் வரிசையை மாற்றிவிட்டேன்.

'ரோஜா' வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அது ஒலிக்காத தேநீர்க்கடை இல்லை. அதன் இசையமைப்பாளருக்கு முதற்படத்திலேயே தேசிய விருது கிடைத்தது. அவர்தான் அன்றைய திலீப் என்பது சில ஆண்டுகள் கழித்து ஒரு வார இதழைப் புரட்டியபோது எனக்குத் தெரிய வந்தது. அன்று மாலை மாமுவின் கடைவழியே போனேன். உள்ளே நுழையாமல் சலாம் சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

2009 பிப்ரவரியில், அமெரிக்காவில் இரண்டு ஆஸ்கர் விருதுகளை ஏந்திய அந்த மேடையில் அவர் தமிழில், "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்றார். நாம் திருமண அழைப்பிதழின் தலைப்பிலும் கடைப் பலகையிலும் எழுதிவைக்கும் சொற்கள் அவை. அல்ஹம்து லில்லாஹ்வின் தமிழ் உலகமெங்கும் ஒலித்தது. மறுநாள் மத்ரஸாவில் பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்கவில்லை, நானும் கண்டிக்கவில்லை. மாலையில் நேரே மாமுவிடம் போனேன். அதற்குள் கேசட்டு வியாபாரம் ஓய்ந்து, கடை கைப்பேசி ரீசார்ஜ் கடையாக மாறியிருந்தது.

"மாமு, அந்தத் 'தீன் இசை மாலை' கேசட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

மாமு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "இருக்கு மாப்ளே. நீதான் இன்னும் கேட்டுச் சொல்லல" என்றார்கள்.

கோபமில்லை, குத்தலுமில்லை. பத்தொன்பது ஆண்டுக்கு முன் ஒப்படைத்த வேலை என்ன ஆயிற்று என்று கேட்பதுபோல் இருந்தது. நான் நாணினேன். ஏனெனில் அன்றும் அந்தப் பாட்டைக் கேட்கும் ஆசையால் நான் போகவில்லை. விருது பெற்றவரின் முதற்கேசட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவே போனேன். முன்னர்ப் பெயரைக் கேட்டுத் தள்ளினேன். பின்னர்ப் பெயரைக் கேட்டுத் தேடினேன். இரண்டு முறையும் பாட்டைக் கேட்கவில்லை. தேடி எடுத்துத் தருவதாக மாமு சொன்னார்கள். நானும் திரும்பக் கேட்கவில்லை. வெட்கம் அப்படிச் செய்துவிட்டது.

2015-இல், ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதீ பெருமானார் (ஸல்) அவர்களின் இளமைப் பருவம் பற்றி எடுத்த திரைப்படத்திற்கு ரஹ்மான் இசையமைத்தார். மும்பை அமைப்பொன்றின் சார்பில் அவ்விருவர்மீதும் பத்வா வெளியாயிற்று. அப்படம் அப்போது இந்தியத் திரையரங்குகளுக்கு வந்திருக்கவில்லை. பெருமானாரைத் திரையில் காட்டுவது பற்றிய நம் அறிஞர்களின் அச்சம் நியாயமானது. அதில் எனக்கு ஐயமில்லை. தாம் அறிஞரல்லர் என்றும், நல்ல எண்ணத்தோடு செய்த பணி என்றும் ரஹ்மான் பணிவோடு விளக்கம் எழுதினார். செய்தித்தாளைப் படித்த மாமு, இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அவுக படத்தப் பாத்தாங்களா மாப்ளே?"

எனக்கு விடை தெரியவில்லை. அக்கேள்வி மும்பையை நோக்கி எழுந்ததா, என்னை நோக்கி எழுந்ததா என்பதும் தெரியவில்லை.

மாமு 2018-இல் மௌத்தானார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்தபின் மாமி என்னை உள்ளே அழைத்து, மாமுவின் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பள்ளிவாசல் சந்தா ரசீதுகள், கைப்பட எழுதிய முனாஜாத்து நோட்டு ஒன்று, அவற்றின் அடியில் அந்தக் கேசட்டு. கண்ணாடித்தாள் பிரிக்கப்படவே இல்லை.

அதைக் கையில் எடுத்தபோதுதான் என் தீர்ப்பின் முழு அளவும் எனக்கு விளங்கிற்று. மாமு அதைக் கடையில் விற்காதிருந்தார்கள் என்று மட்டுமே அதுகாறும் நினைத்திருந்தேன். வீட்டிலும் கேட்கவில்லை, தனிமையிலும் கேட்கவில்லை. பாட்டென்றால் உயிரை விடும் மனிதர்! ஓதுகிற பிள்ளை கூடாதென்று சொல்லிவிட்டான். அவன் கேட்டுவிட்டுச் சொல்லும்வரை தானும் கேட்பதில்லை என்று இருபத்தெட்டு ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறார்கள். ஆலிமின் சொல்லுக்கு ஓர் எளிய மூமின் கொடுக்கும் கனம் இவ்வளவு என்றால், அந்தச் சொல்லை எவ்வளவு அஞ்சிச் சொல்லியிருக்க வேண்டும் நான்! அந்த ஆண்டுகளில் மீலாது ஊர்வலத்தில் மாமு பாடுவது குறைந்துபோனதை நான் வயதின் மேல் ஏற்றிவைத்திருந்தேன். வயதுதான் காரணமா என்று கேட்க இனி வழியில்லை.

உத்தமபாளையத்தில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் இருந்தார். அவர் எங்கிருந்தோ ஒரு டேப் ரிக்கார்டரைத் தேடியெடுத்துப் பட்டை மாற்றி ஓட வைத்தார். மாமுவின் வீட்டு நடையில் அதை வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கண்ணாடித்தாளைப் பிரித்தேன். ஒலி சற்று மங்கிக் கிடந்தது. ஆயினும் ஓடியது. இரு பக்கமும் முழுவதும் கேட்டேன். மாமி கதவோரம் அமர்ந்திருந்தார்கள்.

எப்படி இருந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உலகை வியக்கவைக்கும் பாடல்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அதுவும் விருதுக்குச் சொல்லும் சொல்லாகிவிடும். இறைவேட்டலும் நபிநேசமும் நம் மாலைகளும் முனாஜாத்துகளும் காலங்காலமாகச் சொல்லிவந்தவைதாம். இசையில் ஓர் இளைஞன் தன் கைக்கு எட்டிய கருவிகளைக்கொண்டு வழி தேடுவது தெரிந்தது. சில இடங்களில் அவன் தடுமாறுவதாகவும் எனக்குப் பட்டது. சில இடங்களில் மெட்டு மெல்ல மேலெழும்போது, பின்னாளில் 'க்வாஜா' பாடப்போகும் நெஞ்சின் முதல் துடிப்புப்போல் ஒன்று கேட்டது. ஆனால் எந்த இடத்திலும் கேலியில்லை, விளையாட்டில்லை. சொல்லுக்கு அடக்கமாகவே இசை நின்றது. நோன்பு மாதத்தில் ஒலிக்கத் தகாதது என்று சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஹனீபா அவர்களின் கேசட்டுக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுத்திருக்கலாம். இதுவே நான் கேட்டபின் சொல்லும் தீர்ப்பு. இருபத்தெட்டு ஆண்டு காலதாமதமாயிற்று.

கேசட்டு நின்றதும் மாமி கேட்டார்கள்: "இதத்தான் கூடாதுன்னியா தம்பி?"

நான் தலை குனிந்தேன்.

"அந்த மூணாவது பாட்டு அவுக குரலுக்குத் தோதா இருந்திருக்கும்" என்றார்கள் மாமி. எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்கள்.

இப்போது நான் பாடம் நடத்தும் வகுப்பில், பிள்ளைகள் சிலர் கைப்பேசியில் ஏதேனும் பாட்டையோ உரையையோ கொண்டுவந்து, "ஹழ்ரத், இது கூடுமா?" என்று கேட்பதுண்டு. முன்பெல்லாம் பெயரைப் பார்த்தவுடன் விடை சொல்லிவிடுவேன். இப்போது, "வை, கேட்போம்" என்கிறேன். கேட்டபின் கூடாதென்று சொல்ல நேர்வதும் உண்டு. அப்போதும் எதனால் கூடாது என்பதைக் கேட்ட வரியைக் காட்டியே சொல்ல முடிகிறது. பிள்ளையும் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்கிறான். நம் இல்லங்களில் பாட்டெழுதும் பெண்மக்களும், மெட்டமைக்கும் ஆண்மக்களும் இன்று பலர் இருக்கிறார்கள். தம் முதற்படைப்பைத் தயங்கித் தயங்கி நம்முன் நீட்டுகிறார்கள். அது சிறந்ததா, குறையுடையதா என்பது பிறகு. கண்ணாடித்தாளைப் பிரித்துக் கேட்கும் கடமை முதலில் இருக்கிறது.

மாமுவின் கேசட்டு இப்போது என் மேசையில், கிதாபுகளுக்கு நடுவே இருக்கிறது. வியாழன் இரவுகளில் மாமுவுக்கு யாஸீன் ஓதி ஹதியா செய்யும்போது, "மாமு, கேட்டுவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று மனத்துக்குள் ஒரு சொல் சேர்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது.